அடிபட்ட வீக்கத்துக்குத் தைலமும் பற்றும்: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம். பைக்கில் சறுக்கி விழுந்தவர், கபடி ஆடி முட்டியை இடித்துக்கொண்ட பையன், களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் சுமந்து தோள் கன்றிப்போனவர், புறவாசலில் வழுக்கி விழுந்த ஆச்சிக்காக மருந்து கேட்டு வரும் பேரன் என்று அடிபட்டவர்கள் வராத நாள் கிடையாது. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: "என்ன தேய்க்கலாம்?" சரக்கை மடித்துக் கொடுக்கிற அவசரத்தில் முழுதாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் நிதானமாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. முறையாகக் காட்ட வேண்டும் என்றால் நம் ஊரிலேயே 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெளிநோயாளிகளையும் பார்க்கிறார்கள்.

அண்ணாச்சி, இப்பதான் விழுந்தேன். உடனே தைலம் போட்டுத் தேய்க்கலாமா?

தேய்க்க வேண்டாம். அடிபட்டதும் தோலுக்கு அடியில் மெல்லிய ரத்தக் குழாய்கள் உடைந்து ரத்தம் சதைக்குள் கசிகிறது. நாம் ரத்தக்கட்டு என்று சொல்வது அதைத்தான். கசிவு நிற்பதற்குள் அழுத்தித் தேய்த்தால் இன்னும் கசியும். காலையில் நெல்லிக்காய் அளவு இருந்த வீக்கம் ராத்திரி தேங்காய் அளவுக்கு வந்து நிற்பது பெரும்பாலும் இப்படித்தான்.

முதல் இரண்டு நாள் குளிர்ச்சிதான் மருந்து. ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். இரண்டு மணி நேரம் விட்டு மறுபடி வைக்கலாம். ஐஸைத் தோலில் நேரடியாக வைத்தால் தோல் வெந்துபோகும். ஐஸ் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டாலும் போதும். காலில் அடி என்றால் படுத்துக்கொண்டு தலையணை மேல் காலைத் தூக்கி வையுங்கள், பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேல் இருக்கட்டும். வீட்டில் கிரேப் பேண்டேஜ் இருந்தால் இறுக்காமல் சுற்றலாம். அந்த இரண்டு நாளும் சூடான பற்று, வெந்நீர் ஒத்தடம், உருவிவிடுதல் எதுவும் கூடாது.

மூன்றாம் நாளிலிருந்து தைலத்துக்கு வேலை இருக்கிறது. வீக்கம் ஏறுவது நின்றிருக்கும், வலி மட்டும் இருக்கும், சதை கட்டியாக இருக்கும். அப்போது இளஞ்சூடாகத் தடவி, மேலே ஒத்தடம் கொடுத்தால் உடம்புக்கு நிஜமாகவே இதமாக இருக்கும்.

தைலம் போட்டதும் குளுகுளுன்னு இருக்கே, அதுவும் ஐஸ் வச்ச மாதிரிதானே?

இல்லை. ஓமத்திலும் புதினாவிலும் வேறு வேறு சத்து இருந்தாலும், கடையில் விற்கும் தைலங்களில் அந்தக் குளிர்ச்சியைத் தருவது பெரும்பாலும் புதினா உப்பு என்கிற மென்தால். குளிரை உணர்வதற்கென்று நரம்பு நுனியில் இருக்கும் ஒரு புரதத்தை மென்தால் போய்த் தட்டி எழுப்புகிறது. தோல் குளிர்வதில்லை, குளிர்ந்ததாக மூளைக்குச் செய்தி போகிறது, அவ்வளவுதான். இந்தப் புரதத்தை மென்தாலை வைத்தே தனித்தனியாகக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டாபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வெப்பத்தையும் தொடுதலையும் உடம்பு எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்கான பரிசு அது.

ஆக, குளிர்ச்சி உணர்வில் வலி மறக்கும். அது நல்லதுதான். ஆனால் கசிவை நிறுத்த ஐஸ்தான் வேண்டும். வலி மறந்துவிட்டதே என்று அடிபட்ட காலோடு வேலைக்குப் போவதுதான் இதில் ஆபத்து.

எங்க ஊர்ல ஒருத்தர் நல்லா நீவி விடுவார். போகலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்வேன். பழைய சுளுக்கு, பாரம் தூக்கிப் பிடித்துக்கொண்ட தோள், நாள்பட்ட இடுப்பு வலி ஆகியவற்றுக்குக் கைப்பழக்கம் உள்ள ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சுகம் கிடைக்கும். குமரி எல்லை வரைக்கும் வர்மம் படித்த ஆசான்கள் இருக்கிற சீமை இது. அந்தக் கைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் என்ன அடி என்று தெரியாமல் எந்த இடத்திலும் கை வைக்க விடாதீர்கள். குறிப்பாக இந்த மூன்று இடங்களில்.

ஒன்று, வயதானவர்களின் இடுப்பு. ஆச்சி விழுந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை, ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்பெலும்பு முறிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. "லேசா பிசகியிருக்கு, ரெண்டு நாள் எண்ணெய் போட்டா சரியாயிரும்" என்று வீட்டில் படுக்க வைத்துவிடுகிறார்கள். படுக்கையிலேயே நாள் போகப் போக நெஞ்சில் சளி கட்டும், முதுகில் படுக்கைப் புண் வரும். 108க்கு அடியுங்கள், அசைக்காமல் கொண்டுபோங்கள்.

இரண்டு, குழந்தையின் முழங்கை. விழுந்து முழங்கை வீங்கிய குழந்தைக்கு மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கையே சூம்பிப்போகலாம். ஏற்கெனவே கட்டுப் போட்டிருந்தால் விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலோ, விரல் சில்லிட்டாலோ, மரத்தாலோ, குழந்தை விடாமல் அழுதாலோ கட்டை உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மூன்று, கெண்டைக்கால். அடியே படாமல் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைச்சதை வலித்தால் உள்ளே ரத்தக் குழாயில் உறைகட்டி இருக்கலாம். நீவினால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். நீண்ட பஸ் பயணம் போய் வந்தவர்கள், அறுவைச் சிகிச்சை முடித்துப் படுத்திருந்தவர்கள், பிரசவமானவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எலும்பு முறிஞ்சிருக்கா, வெறும் அடிதானா? வீட்ல எப்படிப் பார்ப்பது?

கணுக்கால் என்றால் நான்கு அடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பைத் தொட்டால் துடித்துப்போகிறார் என்றாலும் எடுக்க வேண்டும். மற்ற இடங்களில் வடிவம் கோணலாக இருப்பது, எலும்பு உரசும் சத்தம், விரல் மரத்துப்போவது, அடிக்குப் பொருந்தாத அளவுக்கு வலி ஏறிக்கொண்டே போவது எல்லாம் முறிவையோ அதைவிட மோசமானதையோ காட்டும். எக்ஸ்ரே எடுத்து "எலும்பு நல்லாருக்கு" என்று சொன்ன பிறகு வாருங்கள், தைலம் நான் தருகிறேன். கடையில் நான் இப்படித்தான் சொல்லி அனுப்புகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவதும் உண்டு.

தலையில் அடி, வாந்தி, மயக்கம், மறதி என்றால் எந்தக் களிம்பைப் பற்றியும் பேச்சே இல்லை.

கன்றிப்போன இடம் பச்சையா மாறுது. சீழ் பிடிக்குதோ?

பயப்பட வேண்டாம், அது ஆறுகிற நிறம். கசிந்த ரத்தத்தின் சிவப்பணுக்களை உடம்பு உடைத்து உடைத்துச் சுத்தம் செய்கிறது. முதலில் சிவப்பு, அப்புறம் கருநீலம், பிறகு பச்சை, கடைசியில் மஞ்சள். மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் அதே பிலிரூபின்தான் இங்கேயும் மஞ்சள் தருகிறது. சாதாரண அடி இரண்டு வாரத்தில் மறையும். தொடையில் அடிபட்டு முழங்கால் கன்றுவதும் உண்டு, ரத்தம் கீழே இறங்குவதால் அப்படி. சீழ் என்றால் நிறத்தைவிடச் சூடும் காய்ச்சலும் கூடிக்கொண்டே போகும் வலியும்தான் காட்டிக்கொடுக்கும்.

எந்தத் தைலம் நல்லது?

அடிபட்ட சதைக்குச் சித்த மருத்துவத்தில் அதிகம் சொல்வது காயத்திருமேனித் தைலம். செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் முறிவெண்ணெய். புங்கு, முருங்கை, வெற்றிலை, கற்றாழை, சின்ன வெங்காயம் எல்லாம் போட்டுத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சுவது. தென்காசிப் பக்கத்து வீடுகளில் இரண்டும் இருக்கும். எனக்கு முறிவெண்ணெய் பிடிக்கும், காரம் இல்லாமல் சாந்தமாக இருப்பதால் வயதானவர்களின் மெல்லிய தோலுக்கு ஒத்துக்கொள்கிறது.

மத்தன் தைலம் வேறு ரகம். ஊமத்தை இலைச் சாறும் துருசும் (மயில்துத்தம் என்கிற தாமிர உப்பு) சேர்ந்தது, பச்சையாக இருக்கும். ஆறாத புண்ணுக்கு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. வீக்கத்துக்குத் தேய்க்க அதை வாங்காதீர்கள். ஊமத்தையும் துருசும் விஷம், கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது.

கன்றல் இவற்றால் எத்தனை நாள் முன்னாலேயே மறையும் என்று என்னிடம் கேட்டால், அப்படி உறுதி சொல்லி விற்க எனக்கு மனம் வராது. வலி குறையும், சதை இளகும், தூக்கம் வரும். அதற்காக வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் சீசாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பு உரிமம் எண், தொகுதி எண், தேதி, சேர்ந்த சரக்குகளின் பெயர் இருக்க வேண்டும். சித்த மருந்துகளும் 1940ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டத்துக்குள் வருபவைதான். சீட்டே ஒட்டாத பாட்டிலில் "குடும்ப ரகசியம்" என்று விற்பதை வாங்காதீர்கள். நாங்களும் சொந்தமாகக் காய்ச்சி விற்பதில்லை.

பற்றுப் போடலாம்ங்கறாங்க. எந்தப் பற்று?

மூன்று பற்றுகளைத்தான் அதிகம் கேட்டு வாங்குகிறார்கள்.

மூசாம்பரம் முதலாவது. கரிபோளம் என்றாலும் இதுதான். கற்றாழைச் சாற்றைக் காய வைத்து இறுக்கியது. கையில் எடுத்தால் கறுப்பாக மினுங்கும், தட்டினால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும். பாக்களவு எடுத்து அம்மியில் நுணுக்கி, ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை விட்டுக் குழைத்தால் பழுப்பு நிறத்தில் கொழகொழப்பாக வரும். சுளுக்கிய கணுக்காலில் ஒரு பூச்சுப் பூசி, காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. காயும்போது வெள்ளைக்கரு சுருங்கித் தோலைப் பிடித்து இழுக்கும், மெல்லிய கட்டுப் போட்டதுபோல் மூட்டு ஆடாமல் நிற்கும். இதன் பலனில் பாதி இந்தப் பிடிப்பில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். எடுக்கும்போது பிய்த்து இழுக்காதீர்கள், ரோமத்தோடு வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்தால் தானாகக் கழன்றுவிடும். வேட்டியில் பட்டால் கறை போகாது. மூசாம்பரம் கடும்பேதி என்பதால் குழந்தைகள் கையில் எட்டக் கூடாது. முட்டை ஒவ்வாதவர்கள் வெந்நீரில் குழைத்துக்கொள்ளலாம்.

புளியும் உப்பும் இரண்டாவது. பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து, கல் உப்புப் போட்டு, களி மாதிரி திரளும்வரை கொதிக்க வைப்பார்கள். சூடாகப் போடுவது என்பதால் மூன்றாம் நாளுக்கு மேல்தான். போடுகிறவர் தன் மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்த புளிக்கரைசல் சீக்கிரம் ஆறாது, ஒட்டிக்கொண்டு சுடும். இந்தப் பற்றினால் கொப்புளம் வந்தவர்கள் நிறையப் பேர்.

மஞ்சளும் சுண்ணாம்பும் மூன்றாவது. குழைத்ததும் சிவந்துவிடும், சுண்ணாம்பின் காரம் மஞ்சளைச் சிவப்பாக்குவதால் வரும் நிறம் அது. சுண்ணாம்பு கூடினால் தோல் வெந்துவிடும். முகத்துக்கும் குழந்தைகளுக்கும் சிராய்ப்புக்கும் ஆகாது. என்னைக் கேட்டால் மூசாம்பரம் இருக்க இது தேவையில்லை.

வீட்டிலேயே களிம்பு காய்ச்ச முடியுமா?

வீட்டு உபயோகத்துக்குத் தாராளமாகக் காய்ச்சலாம். விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும். எளிய முறை ஒன்று சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், புங்க எண்ணெய் 100 மில்லி, நொச்சி இலை இரண்டு கைப்பிடி, தட்டிய பச்சை மஞ்சள் ஒரு துண்டு. நொச்சியைக் கழுவி, ஈரம் போக நிழலில் ஒரு நாள் வாட வையுங்கள். அடி கனமான உருளியில் சிறு தீயில் காய்ச்ச வேண்டும். முதலில் சடசடவென்று சத்தமும் நுரையும் வரும், அது இலையில் இருக்கும் தண்ணீர். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் இலை கருகி எண்ணெய் கறுத்துவிடும். சத்தம் அடங்கி, இலை மொறுமொறுவென்று ஆகி, கரண்டியில் எடுத்த கசண்டை விரலில் உருட்டினால் மெழுகுபோல் திரளும். ஒரு திரியை அந்த எண்ணெயில் நனைத்துத் தள்ளி நின்று கொளுத்திப் பாருங்கள். பொரியாமல் எரிந்தால் தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. பொரிந்தால் இன்னும் கொஞ்சம் காய வேண்டும். இந்தப் பதம் தப்பினால் சில வாரத்திலேயே பூஞ்சை பிடிக்கும்.

வடிகட்டிய எண்ணெய் சூடாக இருக்கும்போதே 150 கிராம் தேன்மெழுகைச் சீவிப் போட்டுக் கரையுங்கள். வேறு ஊர்க்காரர்கள் 100 கிராம் போதும் என்பார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது நிற்காது. அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறி, ஓரம் மங்கத் தொடங்கும்போது பொடித்த பச்சைக் கற்பூரம் 20 கிராம் போட்டுக் கலக்கி, உடனே சீசாவில் ஊற்றி மூடுங்கள். எரிகிற அடுப்பு பக்கத்தில் இருக்கும்போது கற்பூரம் போடவே கூடாது, ஆவி பற்றிக்கொள்ளும். சாமிக்கு ஏற்றும் சூடக் கட்டியும் வேண்டாம்.

காய்ந்த, சுத்தமான சீசாவில் வைத்து, விரலை விடாமல் கரண்டியால் எடுத்தால் ஆறு மாதம் தாங்கும். காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். முதல்முறை தடவுமுன் முழங்கையின் உட்பக்கம் துளி வைத்து ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தக் களிம்பு உங்களுக்கு ஆகாது.

தோல் கிழிஞ்சிருக்கு. அதுக்கு மேலேயே தடவலாமா?

கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்துங்கள். காபித்தூள், சாம்பல், கடை மஞ்சள்தூள், சாணம் எதுவும் வேண்டாம். மண்ணும் துருவும் பட்ட காயம், கடைசியாக டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 ஆண்டு தாண்டிவிட்டது என்றால் மறுபடி போட வேண்டும். சுத்தமான சின்னக் காயத்துக்கு 10 ஆண்டு. வயலில் மண்வெட்டி பட்டவர்கள் இதை அலட்சியமாக விடுகிறார்கள், மண்ணில்தான் அந்தக் கிருமி இருக்கிறது.

யார் யார் ஜாக்கிரதையா இருக்கணும்?

இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில். வார்ஃபரின், கிளோபிடோக்ரல், ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க எடுப்பவர்களுக்குச் சின்ன இடியும் பெரிதாகக் கன்றும். விண்டர்கிரீன் எண்ணெய் (ஆஸ்பிரின் இனத்துச் சத்து உள்ள ஒரு இலை எண்ணெய்) சேர்ந்த தைலத்தை அதிகம் பூசினால் வார்ஃபரினின் வேகம் கூடும். ஊட்டி போய்விட்டு வருகிறவர்கள் வாங்கி வரும் வலித் தைலங்களில் இது இருக்கும், சீட்டைப் படியுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தில் சூடான பற்றோ ஒத்தடமோ வேண்டவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சுடுவது தெரியாது. அந்தக் கொப்புளம் விரலை எடுப்பதுவரை கொண்டுபோய்விடும்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குக் கற்பூரம், மென்தால் உள்ள எதையும் பூசாதீர்கள், மூக்கருகில் அறவே கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பூசுங்கள்.

குழந்தை தைலத்தை வாயில வச்சிருச்சு. என்ன செய்ய?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, சீசாவையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கற்பூரம் குழந்தைகளுக்குக் கொஞ்ச நேரத்திலேயே வலிப்பைக் கொண்டுவரும். விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். சாமி மாடத்தில் தைல சீசா வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. தயவுசெய்து பூட்டுகிற அலமாரிக்கு மாற்றுங்கள்.

குற்றாலத்துல எண்ணெய் தேய்ச்சு அருவியில நின்னா அடிபட்டது சரியாகுமா?

உடம்பு அலுப்புக்கு அதைவிடச் சுகம் கிடையாது. புது அடியோடு மட்டும் போகாதீர்கள். எண்ணெய்க்காரர் கையும் பலம், அருவி விழும் வேகமும் பலம்.

பாபநாசம் மலையில மூலிகை பறிச்சுட்டு வந்து தரட்டுமா?

வேண்டாம் ஐயா. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988இல் வந்த தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் செடி பறிப்பது குற்றம். பொதிகையைச் சேர்த்த அகத்தியமலை உயிர்க்கோளத்தை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் ஏற்றியது. நொச்சியும் புங்கும் முருங்கையும் தாமிரபரணி வாய்க்கால் கரையிலும் வீட்டு வேலியிலுமே கிடைக்கின்றன. அடிக்கு மருந்து செய்ய மலை ஏற வேண்டிய அவசியமே இல்லை.

எத்தனை நாள் தடவிப் பார்க்கலாம்?

தினம் இரண்டு வேளை, ஒரு வாரம். அதற்குள் வலி பாதியாவது குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் சீசாவை மாற்றாமல் மருத்துவரைப் பாருங்கள். அடிபடாமலே அங்கங்கே கன்றினாலும், காய்ச்சலோடு சிவப்புப் புள்ளி வந்தாலும், பல் ஈறில் ரத்தம் வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்குவாக இருக்கலாம், ரத்தத் தட்டுகள் குறைந்திருக்கலாம். போகும்போது இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும், பூசிய தைல சீசாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.